மணிக்கணக்கைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்

அந்தக் காணொலியை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். "நம்ம ஊரில் 200 மணி நேரம் பறந்த பையன் கோ-பைலட். அமெரிக்காவில் 1500 மணி நேரமும் டிகிரியும் இல்லாமல் காக்பிட்டுக்குள் விடமாட்டான்." முதல் வாக்கியம் சரி. இரண்டாவதில் டிகிரி கதை தவறு, 1500 பாதிக் கதை. அதை நம்பி, படித்துவிட்டு வரும் பிள்ளைகளை "காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினவன்" என்று கீழே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை.

அந்த 1500 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம். டேஷ் 8 கியூ400 விமானம். இறங்கும்போது வேகம் குறைந்துகொண்டே போனதை இருவருமே கவனிக்கவில்லை. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது. பனி படியும் வானிலைக்கான சுவிட்ச் போட்டிருந்ததால் அது முன்கூட்டியே அதிர்ந்தது. நிஜ ஸ்டாலுக்கு இன்னும் இடைவெளி இருந்தது. மூக்கைத் தாழ்த்தி பவரைக் கூட்டியிருந்தால் தப்பியிருக்கலாம். கேப்டன் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தார். விமானம் உண்மையிலேயே ஸ்டால் ஆனது. ஸ்டிக் புஷர் என்ற கருவி பிடியை முன்னே தள்ளி, தானாக மூக்கைத் தாழ்த்தப் பார்த்தது. அதையும் எதிர்த்து இழுத்தார். கோ-பைலட் ஃபிளாப்பை (தூக்குவிசையைக் கூட்டும் இறக்கைத் தகடு) மேலேற்றினார், இருந்த கொஞ்சம் தூக்குவிசையும் போனது. விமானத்தில் இருந்த 49 பேரும், கீழே வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

கேப்டன் பறந்திருந்தது 3379 மணி நேரம். கோ-பைலட் 2244. இருவருமே 1500-ஐத் தாண்டியவர்கள்!

பிறகு ஏன் இழுத்தார்? அன்றைய சிமுலேட்டர் பயிற்சியில் ஸ்டால் எச்சரிக்கை வந்ததும் உயரம் குறையாமல் மீண்டால்தான் நல்ல மதிப்பெண். ஸ்டிக் புஷர் தள்ளினால் கைக்கு எப்படி இருக்கும் என்று சிமுலேட்டரில் காட்டுவது அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் இல்லை. உயரத்தை விடாதே என்று பழக்கிய கை, இழுக்கத்தான் செய்யும். அதே 2009 ஜூனில் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்ததும் ஸ்டாலில்தான். கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர் கிட்டத்தட்ட 3000 மணி நேரம் பறந்தவர், அவரும் இழுத்துக்கொண்டே இருந்தார். மணிக்கணக்கு அல்ல, அந்த மணி நேரத்தில் கை என்ன பழகியது என்பதுதான் கேள்வி.

"அதற்குப் பிறகு அமெரிக்காவில் பல வருஷம் பெரிய விபத்தே இல்லையே" என்பீர்கள். உண்மை. 1500 மணி நேரம் வேண்டும் என்பது, பஃபலோ விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் போராடி வாங்கிய சட்டம், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 2010-ல் வந்த அதே சட்டம்தான் ஓய்வு நேர விதிகளையும், சிமுலேட்டரில் முழு ஸ்டால் பயிற்சியையும், விமானியின் பழைய தேர்வுத் தோல்விகளை நிறுவனங்கள் பார்க்கும் பதிவேட்டையும் கொண்டுவந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு 1500-க்கு மட்டும் மாலை போடுவது நியாயமா?

டிகிரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவே இல்லை. அங்கீகரித்த கல்லூரியில் விமானத்துறை இளங்கலை முடித்தால் 1000 மணி நேரம் போதும், ராணுவ விமானிக்கு 750. டெல்டா விமான நிறுவனமே 2022-ல் டிகிரி நிபந்தனையை எடுத்துவிட்டது.

லைசென்ஸ் வாங்கிய பிறகு 1500 வரை மீதி மணி நேரத்தை அங்கே எப்படிச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் இன்ஸ்ட்ரக்டர் வேலை. ஒற்றை எஞ்சின், சுமார் 120 நாட் (மணிக்கு சுமார் 220 கி.மீ.) வேகம், நல்ல வானிலை, கட்டுப்பாடு பாதி நேரம் மாணவன் கையில். கடற்கரை மேலே விளம்பரத் துணி இழுப்பதும் கணக்கில் சேரும். 35,000 அடியில் இன்னொரு விமானியோடு வேலையைப் பங்குபோடுவதை இதில் எது கற்றுத் தருகிறது?

நம் ஊர் 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறக்க வேண்டும். 300 கடல் மைல் தூரப் பயணம், இரவுப் பறத்தல், இன்ஸ்ட்ருமென்ட் மட்டும் பார்த்துப் பறத்தல் எல்லாம் உண்டு. நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன் தேர்வுகள் தனி. அதற்குப் பிறகு டைப் ரேட்டிங், அதாவது ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சி: டேக்-ஆஃபில் எஞ்சின் நின்றால், கேபினில் காற்றழுத்தம் போனால் என்று சிமுலேட்டரில் திரும்பத் திரும்ப. பிறகுதான் பயிற்சி கேப்டன் பக்கத்தில் உட்கார, பயணிகளோடு லைன் ட்ரெய்னிங். கேப்டன் ஆக இங்கேயும் 1500 மணி நேரம் பறந்தால் கிடைக்கும் ஏ.டி.பி.எல். என்ற உயர்நிலை விமானி லைசென்ஸ் வேண்டும். "200 பையன்" தனியாக ஓட்டுவதில்லை.

இதில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் பறக்காத மணி நேரத்தை லாக் புக்கில் (பறந்த கணக்கை எழுதும் ஏட்டில்) எழுதினால், அதற்குக் காரணம் எண்ணிக்கைக்கு மட்டும் மரியாதை கொடுப்பதுதான். எண்ணிக்கையை ஏற்றினால் பொய்யும் ஏறும்.

டைப் ரேட்டிங்கோடு சேர்த்து அரைக் கோடிக்கு மேல் கடன் வாங்கிப் படிக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். வீட்டை அடமானம் வைத்த அப்பா அம்மாக்கள் உங்கள் பின்னூட்டத்தையும் படிக்கிறார்கள். 1500 கேட்கிறவர்கள் தயவுசெய்து இதையும் எழுதுங்கள்: மீதி 1300 மணி நேரம் இந்தியாவில் எந்த விமானத்தில், என்ன வேலையாக, யார் காசில் பறக்க வேண்டும்? இங்கே விளம்பரத் துணி இழுக்கும் வேலை கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் இடங்களோ கொஞ்சம்தான்.