மூச்சை அடக்கி கொரோனா டெஸ்ட்டா? அந்த ஃபார்வர்ட் பொய்ங்க

"காலைல 10 செகண்ட் மூச்ச அடக்குங்க, இருமல் வரலன்னா கொரோனா இல்ல, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி குடிச்சா வைரஸ் வயித்துக்குள்ள போய் செத்துடும்"னு ஒரு மெசேஜ் 2020ல எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சு. அமெரிக்காவுல இருக்கற ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி சொன்னதுன்னு வேற போட்டிருந்தாங்க, அது எங்க மெசேஜே இல்லன்னு ஸ்டான்ஃபோர்டே சொல்லிடுச்சு.

நானும் ராத்திரி போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு அடக்கிப் பாத்தேன், 31 செகண்ட், அப்படியே ஒரு நிம்மதி (சிரிக்காதீங்க, நீங்களும் பண்ணிருப்பீங்க). ஆனா தொற்று இருந்தும் அறிகுறியே தெரியாதவங்க அசால்ட்டா அடக்கிடுவாங்க, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு கொரோனா இல்லாமலே இருமல் வரும், அப்புறம் இத வச்சு என்னத்த கண்டுபிடிக்கறது? மூக்குல தொண்டைல சாம்பிள் எடுத்து பண்ற டெஸ்ட்லதான் தெரியும், அதுல லேப்ல பண்ற பிசிஆர் டெஸ்ட்தான் ரொம்ப நம்பகமானது. தண்ணி குடிங்க, நல்லதுதான், ஆனா வைரஸ் மூக்கு வழியாவும் போகும், செல்லுக்குள்ள புகுந்துட்டா தண்ணி அத கழுவாது.

உலக சுகாதார நிறுவனத்தோட வெப்சைட்ல இந்த மாதிரி கட்டுக்கதைகளுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, இந்த மூச்சு மேட்டரும் அதுல இருக்கு, போய் பாருங்க. யாராவது அனுப்பினா திட்டாதீங்க, பயத்துலதான் அனுப்பறாங்க, நீங்க மட்டும் அடுத்த குரூப்புக்கு தள்ளிவிடாதீங்க.