சன்னி பில் வில்லியம்ஸுக்கு ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு எழுதியவர்களுக்கு (பிப்ரவரி 2020)

எங்கள் டொராண்டோ வுல்ஃப்பேக் ரக்பி லீக் அணி பெரிய ஒப்பந்தத்தில் எடுத்த நியூசிலாந்து நட்சத்திரம் சன்னி பில் வில்லியம்ஸ். அவருடைய முதல் ஆட்டம் முடிந்த கையோடு, டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்களின் சாட் குழுவில் தீர்ப்பு வந்துவிட்டது: "பத்து மில்லியன் தண்ணியில போச்சு." கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. அன்றிரவு அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வேறு இருந்ததால், வழக்கை மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும் போல.

சரி, இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் காசில்ஃபோர்டு அணி 28, நாங்கள் 10. நன்றாகவே வாங்கிக் கட்டினோம். ஆனால் ஒரே ஆட்டம் ஐயா! அதுவும் மாற்று ஆட்டக்காரராக இடையில் இறங்கியவர். போன இலையுதிர்காலம் ஜப்பானில் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கு ரக்பியின் இன்னொரு வகையான யூனியன் ஆடிக்கொண்டிருந்தவர், லீக் ஆடி ஐந்து வருடத்துக்கு மேல். இரண்டும் ஒரே பந்து என்பதால் ஒரே விளையாட்டு என்று நினைக்கிறீர்களா? லீக்கில் ஒருத்தனை விழுத்தினால் உடனே எழும்பி பத்து மீட்டர் பின்னால் ஓட வேண்டும், திரும்ப முன்னால் வந்து மோத வேண்டும், திரும்பப் பின்னால். அந்த மூச்சு 34 வயதில் ஒரு கிழமையில் வராது.

2013இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்காக லீக் ஆடத் திரும்பியபோதும் முதல் ஆட்டத்தில் சவுத் சிட்னியிடம் தோல்விதான். அந்த வருடக் கோப்பையை யார் தூக்கினார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரே ஆட்டத்தில் ஆளை எடைபோடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

"அந்தக் காசுக்கு நாலு பேரை எடுத்திருக்கலாமே?" எடுக்க முடியாது. நட்சத்திர ஆட்டக்காரருக்கான மார்க்கீ விதிப்படி அவர் சம்பளத்தில் 150,000 பவுண்ட்தான் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் வரும், நாலு பேர் என்றால் நாலு பேரின் சம்பளமும் ஏறும். அணியில் ஆள் குறைவு என்பது உண்மை, அதை இன்னொரு நாள் பேசலாம். "வெளிநாட்டு ஆள்" என்று ஒருத்தர் எழுதியிருந்தார் பாருங்கள், அதுதான் உச்சம். டொராண்டோ வுல்ஃப்பேக்கில் உள்நாட்டு ஆளை நீங்களே காட்டுங்கள், அநேகமாக எல்லாரும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துதான்! அதைவிட, சொல்லுகிறவர் யார்? நாங்கள் என்ன லேக் ஒன்டாரியோவில் முளைத்தோமா?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டொராண்டோ ஸ்கார்பரோவில் ஒரு ரொட்டி ஃபேக்டரியில் எனக்கு முதல் நாள். பெல்ட்டில் வருகிற ரொட்டியை எடுத்துத் தட்டில் அடுக்க வேண்டும், சூட்டில் பை கையில் ஒட்டும், ஒன்று விழுந்தால் பின்னால் வருகிறதெல்லாம் குவியும். முதல் இடைவேளைக்கு முன்பே, லைனைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அண்ணர் ஒருத்தர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "இவன் சரிவரமாட்டான், நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடுங்கோ." வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது. போகிற இடமெல்லாம் "கனேடிய அனுபவம் இருக்கா" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய நாட்டில் அதே கேள்வியை இப்போது நாங்கள் கேட்கிறோம்.

"அவன் கோடீஸ்வரன், நீ ரொட்டி அடுக்கினவன், என்ன ஒப்பீடு?" என்று வருவீர்கள். அவருக்கு என் வக்காலத்து தேவையில்லை, தெரியும். நான் உங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக வருகிறவன் தடுமாறுவதைப் பார்ப்பதில் உங்களுக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது, அது ரக்பியில் தொடங்கியது இல்லை.

அடுத்த ஆட்டம் சால்ஃபோர்டு அணியுடன். நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், குழுவை விட்டு விலகியாயிற்று. குளிர் போய் டொராண்டோவில் எங்கள் லாம்போர்ட் மைதானத்தில் ஆட்டம் தொடங்கியதும் "மச்சான், டிக்கெட் இருக்கா" என்று ஒருத்தரும் எனக்கு ஃபோன் எடுக்க வேண்டாம்.