மாப்பிள்ளை வைத்த சூப்

(இடம்: நியூ ஜெர்சி மாநிலம், எடிசன். ஜனவரி மாதம், வாசலில் முழங்கால் அளவு பனி. மாடியில் என் மனைவி 102 டிகிரி காய்ச்சலோடு இரண்டு கம்பளிக்குள் கிடக்கிறாள். கீழே அடுப்படியில் நானும், பாளையங்கோட்டையிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன என் மாமியாரும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் "சாப்பிட்டீர்களா மாப்பிள்ளை", "ஆச்சு அத்தை" என்ற இரண்டு வாக்கியம்தான் தேறும்.)

அத்தை: நீங்கள் போய் உட்காருங்கள் மாப்பிள்ளை. நான் ஒரு கோழி ரசம் வைத்துவிடுகிறேன். பத்து மிளகு, கொஞ்சம் சீரகம், நாலு பல் பூண்டு, அம்மியில் வைத்து... இங்கே அம்மிக்கு எங்கே போவது, சரி, மிக்சியில் ஒரு சுற்று. அரை மணி நேர வேலை.

நான்: இல்லை அத்தை, இன்றைக்குச் சமையல் என்னுடையது. சிக்கன் நூடுல் சூப். அவளே கேட்டாள்.

அத்தை: அவளா கேட்டாள்?

நான்: "சூடாக ஏதாவது கொடு" என்றாள். காய்ச்சல்காரர்கள் அப்படிக் கேட்டால் இந்த ஊரில் அதற்கு சிக்கன் நூடுல் சூப் என்றுதான் அர்த்தம்.

அத்தை: கடையில் சிவப்பும் வெள்ளையுமாக டப்பா அடுக்கியிருக்கிறார்களே, அதுவா?

நான்: அது கேம்பல் டப்பா. நம் நியூ ஜெர்சி சரக்குதான் அத்தை, கேம்டன் ஊர்க் கம்பெனி. 1934ல் அதை விற்க வந்தபோது பெயர் 'நூடுல் வித் சிக்கன்'. ரேடியோவில் விளம்பரம் படித்தவர் வாய் தவறி 'சிக்கன் நூடுல்' என்று சொல்லிவிட்டாராம், ஜனங்கள் கடைக்குப் போய் அதையே கேட்க, கடைசியில் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

அத்தை: கம்பெனிக்கு வாய் தவறினாலும் லாபம். நமக்கு வாய் தவறினால் சம்பந்தி சண்டைதான்.

நான்: ஆனால் நான் டப்பா திறக்கப் போவதில்லை. முழுக் கோழி, அன்று பறித்த மாதிரி பச்சை இலைகள், மூன்று மணி நேரம் அடுப்பு. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் என்ன செய்தாலும் இன்று ஒருநாள் குறுக்கே ஒன்றும் சொல்லக் கூடாது.

அத்தை: நல்லா இருக்கே! மாப்பிள்ளை ஒரு காரியம் செய்யும்போது நான் எதற்குக் குறுக்கே பேசப் போகிறேன்?

(இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

அத்தை: கோழி பெரிசாக இருக்கிறதே. எவ்வளவு?

நான்: நாலு பவுண்டு. நம் கணக்கில் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல்.

அத்தை: மஞ்சள் போட்டுக் கழுவியாச்சா?

நான்: இங்கே பச்சைக் கோழியைக் கழுவக் கூடாது அத்தை. கழுவுகிற தண்ணீர் தெறித்தால் கிருமி சிங்க், மேடை, பக்கத்திலிருக்கும் தட்டு எல்லாவற்றிலும் பரவும் என்று அரசாங்கமே சொல்கிறது. உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு ஏறினால் கிருமி செத்துவிடும். கழுவுவதால் சாகாது.

அத்தை: (சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கோழியைப் பார்த்து, மறுபடி கடிகாரத்தைப் பார்த்து) அரசாங்கம் சொன்னால் சரி.

(அப்போது பார்த்து ஆபீஸிலிருந்து போன். பத்து நிமிஷம் முன்னறையில் பேசிவிட்டு வந்தேன். கோழி ஏற்கெனவே பெரிய பாத்திரத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அத்தை கைகழுவிக்கொண்டிருந்தார்.)

அத்தை: நீங்கள் வருவதற்குள் எடுத்து வைத்தேன். வெந்நீர் ஊற்றட்டுமா?

நான்: பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மெல்ல மெல்லச் சூடேறினால்தான் அழுக்கெல்லாம் நுரையாக மேலே வரும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம். தளதளவென்று கொதிக்க விட்டால் அந்த நுரையே உள்ளே கலந்து சூப் கலங்கிவிடும். குமிழி ஒன்றிரண்டு வந்தால் போதும். அப்புறம் வெங்காயம், கேரட், செலரி. இப்போது இதைப் பாருங்கள்.

(பெருமையோடு நான்கு சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளை மேடையில் வரிசையாக வைத்தேன். சீட்டாட்டத்தில் துருப்புச் சீட்டை இறக்குகிற ஆள் மாதிரி. அத்தை முதல் பெட்டியைத் திறந்து முகர்ந்தார்.)

அத்தை: ஓமமா?

நான்: தைம். ஐரோப்பாவில் பிரபலமான மூலிகை.

அத்தை: ஓம வாசம்தானே வருகிறது.

நான்: அது... இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே எண்ணெய்ச் சத்து. அதனால் அப்படித் தோன்றும்.

அத்தை: இந்த நாலு குச்சி எவ்வளவு?

நான்: மூன்று டாலர்.

அத்தை: என் பெட்டியில் கால் கிலோ ஓமம் இருக்கிறது மாப்பிள்ளை. (அடுத்த பெட்டி.) இது பிரியாணி இலை... இல்லை. பிரியாணி இலையில் நீளவாட்டில் மூன்று நரம்பு ஓடும். இதில் நடுவில் ஒன்றுதான் ஓடுகிறது.

நான்: அடேங்கப்பா, சரியாகச் சொல்லிவிட்டீர்கள். நம்முடைய இலை பட்டை மரத்துக்குச் சொந்தக்காரன். இதுவும் அதே குடும்பம்தான், ஆனால் வேறு மரம், பே இலை.

அத்தை: (மூன்றாவது) கொத்தமல்லி. ஆனால் பாவம், வாசமே இல்லை. பழசைக் கொடுத்து உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

நான்: பார்ஸ்லி அத்தை. அது அப்படித்தான் இருக்கும்.

அத்தை: வாசமில்லாத கொத்தமல்லியைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்குகிறார்களா? சரி. (நான்காவது பெட்டியைத் திறந்தார். முகர்ந்தார். முகம் மாறியது. மாடிப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் கலங்கியது.) மாப்பிள்ளை... இது கிரைப் வாட்டர் வாசம்.

நான்: டில்.

அத்தை: சதகுப்பை! நாங்கள் விதையைத்தான் வாங்குவோம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தில் போட. நீங்கள் எதற்கு இப்போதே... என்னிடம் ஏன் சொல்லவில்லை? எத்தனை மாசம்?

நான்: ஐயோ அத்தை! சூப்புக்கு! கடைசியில் மேலே தூவ! அவளுக்கு வெறும் ஃப்ளூதான்!

அத்தை: (பெட்டியை மூடிக்கொண்டே) வெறும் ஃப்ளூதானா.

(ஃப்ளூ என்று கேட்டு ஒரு தாய் அவ்வளவு ஏமாந்து நான் பார்த்ததில்லை.)

நான்: தைம், பே இலை, பார்ஸ்லித் தண்டு, இந்த மூன்றையும் ஒரு நூலில் கட்டி இப்போதே உள்ளே போட வேண்டும். தைம் காம்பு நின்று வேகத் தாங்கும். பார்ஸ்லி இலையும் டில்லும் கடைசி நிமிஷம்தான், முதலிலேயே போட்டால் வாசமெல்லாம் ஆவியோடு போய்விடும். நூல்தான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை...

அத்தை: கொண்டாருங்கள்.

(இடுப்பிலிருந்தா கைப்பையிலிருந்தா என்று பார்ப்பதற்குள் பூ கட்டுகிற நூல் வந்துவிட்டது. இரண்டு விரலில் நூலைச் சுற்றி, ஒரு தைம், ஒரு தண்டு, ஒரு இலை என்று வைத்து வைத்து முடிச்சுப் போட்டார். அரை நிமிஷத்தில் ஒரு சாண் சரம். பாத்திரத்தில் போடுவதற்குப் பதில் படத்துக்குச் சாத்தலாம் போல இருந்தது.)

நான்: முக்கால் மணி நேரம் கழித்து நெஞ்சுக் கறியை மட்டும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எலும்பும் காலும் மிச்ச நேரம் வேகட்டும். நான் அதற்குள் போய் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வருகிறேன்.

(வாசல் பனி என்பது எளிதாகச் சொல்கிற விஷயம் இல்லை. நாம் தள்ளி முடிக்கிற நேரம் பார்த்து நகராட்சி வண்டி தெருவைச் சுத்தம் செய்து, அந்தப் பனி முழுவதையும் திரும்ப நம் வாசலிலேயே ஏற்றி வைத்துவிட்டுப் போகும். நடுவில் ஒருமுறை உள்ளே ஓடிவந்து நெஞ்சுக் கறியை எடுத்து வைத்ததோடு சரி. முடித்து வந்தபோது இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது.)

நான்: அத்தை! நிறத்தைப் பாருங்கள்! தங்கம் மாதிரி! கொதிக்க விடாமல் வைத்ததன் பலன் இதுதான்.

அத்தை: ஆமாம் மாப்பிள்ளை. நல்ல மஞ்சள்.

நான்: யூதர்கள் இதற்கு வைத்த பெயரே யூத பெனிசிலின். 12ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் இருந்த மைமோனிடிஸ் என்ற வைத்தியர் நோயாளிக்குக் கோழி சூப் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். 2000ல் நெப்ராஸ்காவில் ரெனார்ட் என்ற டாக்டர் சோதனைச் சாலையிலேயே போட்டுப் பார்த்தார். சளி பிடித்தால் வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடிவந்து மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும் இல்லையா, சூப்பை ஊற்றினால் அந்த ஓட்டம் குறைந்ததாம். கண்ணாடிக் குப்பிக்குள்தான், மனிதர் உடம்பில் பார்க்கவில்லை. இருந்தாலும் பாருங்கள்.

அத்தை: அந்த டாக்டருக்கு சூப் வைக்கத் தெரியுமா?

நான்: அவர் மனைவி வீட்டுச் செய்முறை. மனைவியின் பாட்டி சொல்லிக் கொடுத்தது.

அத்தை: (முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து) அப்படிச் சொல்லுங்கள். பெண் வீட்டார் வைத்த சூப்.

நான்: ...அது ஒரு தற்செயல்.

அத்தை: டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார். இனி என்ன இருக்கிறது? நூடுல்ஸை உடைத்துத் தரட்டுமா?

நான்: இது சேமியா இல்லை அத்தை, முட்டை நூடுல்ஸ், உடைக்க வேண்டாம். தனியாக வேறு பாத்திரத்தில் வேகவைத்து, கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்ற வேண்டும். சேர்த்துப் போட்டால் மொத்த சூப்பையும் அதுவே குடித்துவிடும்.

அத்தை: முந்தாநாள் வைத்த சேமியா பாயசம் மாதிரி.

நான்: அதேதான். இப்போது கடைசி வேலை. எலும்பு, காய்கறி, சரம் எல்லாவற்றையும் வடிகட்ட வேண்டும். தள்ளி நின்றுகொள்ளுங்கள், சூடு.

(சிங்க்கில் வடிதட்டை வைத்தேன். துணி பிடித்து இரண்டு கையாலும் பாத்திரத்தைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது, ஓமமும் மிளகும் மஞ்சளும் கலந்த ஒரு வாசம் வந்தது, மிளகும் மஞ்சளும் எங்கிருந்து என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை, சாய்த்தேன். எலும்பும் கேரட்டும் வடிதட்டில் அழகாக நின்றன. மூன்று லிட்டர் சூப், தங்க நிறத்தில், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குழாய் வழியாக எடிசன் நகரச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.)

நான்: அத்தை.

அத்தை: சொல்லுங்கள் மாப்பிள்ளை.

நான்: சூப் போச்சு.

அத்தை: ஆமாம். போவதைப் பார்த்தேன்.

நான்: பார்த்தீர்களா? அடியில் பாத்திரம் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

அத்தை: தட்டை வைத்தபோதே மனசில் பட்டது. சோறு வடிக்கிற மாதிரி வைக்கிறாரே என்று. நீங்கள் குறுக்கே பேசக் கூடாது என்றீர்கள். அதுவும் போக, கோழியைக் கழுவாமல் சமைக்கிற ஊர், இங்கே சூப்பைக் கொட்டிவிட்டு எலும்பைத்தான் சாப்பிடுவார்களோ என்னவோ என்று இருந்துவிட்டேன்.

(நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது போன் சிணுங்கியது. மாடியிலிருந்து என் மனைவி: "சூப் பிரமாதம். மிளகுக் காரம் தொண்டைக்கு இதமாக இருந்தது. மூக்கடைப்பு விட்டுவிட்டது. இவ்வளவு நன்றாக வைப்பாய் என்று தெரியாது. தூங்கப் போகிறேன்.")

நான்: அத்தை, அவள் எந்த சூப்பைக் குடித்தாள்?

அத்தை: இதைத்தான். நீங்கள் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது பசிக்கிறது என்றாள். நாலு கரண்டி எடுத்து, கொஞ்சம் மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டுக் கொடுத்தேன். தட்டியதில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று பெரிய பாத்திரத்திலும் போட்டேன்.

நான்: அந்தத் தங்க நிறம்?

அத்தை: மஞ்சள்.

நான்: கோழியைக் கழுவினீர்களா?

அத்தை: நீங்கள் போன் பேசப் போனபோது. மெதுவாகத்தான் கழுவினேன், தெறிக்கவில்லை. அரசாங்கமும் அங்கே இல்லை.

நான்: அவளிடம் யார் வைத்தது என்று சொன்னீர்கள்?

அத்தை: மாப்பிள்ளை வைத்த சூப் என்றுதான். வேறெப்படிச் சொல்வது? நூல்கட்டு, நுரை, எல்லாம் உங்கள் யோசனைதானே. எழுந்திருங்கள், தரை ஜில்லென்று இருக்கும். நூடுல்ஸும் கறியும் கிடக்கிறதே, கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கிளறிவிடுகிறேன், அந்த வாசமில்லாத கொத்தமல்லியையும் தூவலாம். ஆமாம், சதகுப்பை விஷயமாக என் தங்கச்சி போன் செய்தால் நீங்கள் எடுக்க வேண்டாம். அவசரப்பட்டு ஒரு மெசேஜ் போட்டுவிட்டேன்.

(பேசிக்கொண்டே ஓவனைத் திறந்தார். எங்கள் வீட்டு ஓவனில் இதுவரை எதுவும் வெந்ததில்லை, வாணலியும் தோசைக்கல்லும் குடியிருக்கிற இடம் அது. இட்லிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் வெளியே வந்தது, மேலே தட்டு போட்டு மூடி.)

நான்: இது என்ன?

அத்தை: உங்களுக்கென்று எடுத்து வைத்தேன். குளிரில் நின்றுவிட்டு வருவீர்களே என்று. அடியில் இரண்டு மிளகு கிடக்கும். வடிகட்டித் தரட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம் அத்தை. அப்படியே கொடுங்கள்.