பழைய படத்தை முழுசாகக் கொடுங்கள்

"யூடியூபிலேயே இலவசமாகக் கிடக்கிறது, அதைப் போய் யாராவது காசு கொடுத்து டிஸ்க்கில் வாங்குவார்களா?" பழைய படங்களைப் பற்றி நான் எப்போது எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அதனால் இந்த முறை நீளமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

யூடியூபில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் படங்களின் மிச்சம்தான். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்த 'ராஜராஜ சோழன்'. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் வந்த படங்களெல்லாம் கிட்டத்தட்ட சதுரமான சட்டத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்றைய டி.வி. அதைவிட ரொம்ப அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால்தான் பழைய படம் முழுசாகத் தெரியும். அந்தப் பட்டை கண்ணை உறுத்துகிறது என்று மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பெரிதாக்கி, 'ஹெச்.டி.' என்று போட்டு ஏற்றிவிடுகிறார்கள். இப்படி வெட்டினால் படத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். பத்மினி ஆடுகிறார், பாதம் தெரியவில்லை. சிவாஜி கண்ணிலேயே நடிக்கிற நெருக்கமான காட்சி, நெற்றியில் பாதி இல்லை. வெட்டாதவர்கள் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள், எல்லா முகமும் உப்பிப்போகிறது. ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு விளக்கையும் நகர்த்தி நகர்த்தி வைத்து அமைத்த சட்டம் அது. அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

வேலூர்க்காரன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, சென்னை புரசைவாக்கத்தில் ஸ்டுடியோ போட்டவர். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியாரும் நம்ம ஊர்தான். மெலிந்த உடம்போடு இருந்த ஒரு நாடக நடிகரைக் கதாநாயகனாகப் போட வேண்டாம் என்று எதிர்ப்பு வந்தபோது, இவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். பொங்கலுக்குப் பொங்கல் சிவாஜி வேலூருக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சினிமா வியாபாரத்தில் இது என்.எஸ்.சி. ஏரியா: வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989லேயே பிரிந்தது, 2019ல் வேலூர் மாவட்டமும் மூன்றாக உடைந்தது. ஆனாலும் விநியோகஸ்தர்கள் பேச்சில் அந்தப் பழைய பெயர் ஓர் எழுத்தாக இன்னும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 'பராசக்தி'யை வெட்டாத, கீறல் நீக்கிய, சத்தம் சுத்தமான பிரதியில் வீட்டில் வைத்துக்கொள்ள நான் ஆசைப்படுவது பேராசையா?

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு சினிமா வந்தது டெக் வழியாகத்தான், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி. காதுகுத்து, கல்யாணம் என்றால் டி.வி.யும் டெக்கும் ராத்திரி வாடகைக்கு வரும், விடிய விடிய மூன்று படம் ஓடும். அப்புறம் வி.சி.டி. வந்தது, பாதிப் படத்தில் எழுந்து போய் இரண்டாவது தட்டைப் போட வேண்டும். 2007 வாக்கில் மோசர் பேர் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கியது. அதுவரை திருட்டு வி.சி.டி. மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் முதல்முறையாக முறையான டிஸ்க் வாங்கின. சினிமா கொட்டாய் மூடிப்போன ஊர்களில் என் தலைமுறைக்குக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டியவை அந்த மலிவான டிஸ்க்குகள்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் பழைய படம் என்றால் எதை வேண்டுமானாலும் தலையில் கட்டலாம் என்ற எண்ணமும் அந்தக் காலத்தில்தான் ஊறிப்போனது. ஒரு கம்பெனியின் டி.வி.டி., பெயர் வேண்டாம், ஐம்பதுகளில் வந்த ஒரு படம். இரண்டு பாட்டைக் காணோம். மூலையில் கம்பெனியின் சின்னம் படம் முழுக்க நிற்கிறது, அடிக்கடி கீழே போன் நம்பர் ஓடுகிறது. எல்லாவற்றையும்விட மோசம், படத்தின் எழுத்துப் பகுதியையே தூக்கிவிட்டு, தங்கள் கம்பெனி பெயரைப் போட்டு நேராகக் கதைக்குள் போய்விட்டார்கள். யார் ஒளிப்பதிவு, யார் கலை, ஒலிப்பதிவு எந்த ஸ்டுடியோவில், குழு நடனத்தில் ஆடியவர்கள் யார், ஒன்றும் தெரியாது. இந்தப் பேர்களில் பலருக்கு அந்த எழுத்து ஒன்றுதான் பூமியில் மிச்சமிருக்கும் சாட்சி. அதை வெட்டுவது எனக்குப் பெரிய பாவமாகவே படுகிறது.

அமெரிக்கப் பழைய கார்ட்டூன்களுக்கும் இதே கொடுமை நடந்திருக்கிறது. ஆனால் அங்கே ரசிகர்கள் சும்மா விடவில்லை. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

வார்னர் பிரதர்ஸ் தன் கார்ட்டூன்களைத் தியேட்டர்களில் மறுபடி வெளியிட்டபோது 'புளூ ரிப்பன்' என்று ஒரு புது எழுத்தை ஒட்டினார்கள். அதற்காகப் பல படங்களின் மூல நெகட்டிவிலிருந்தே பழைய எழுத்தை வெட்டி எறிந்தார்கள். வரைந்தவர்கள் பெயரெல்லாம் அதோடு போனது. இன்றைக்கும் யாராவது ஒருவரின் பரணில் பழைய பிரதி ஒன்று கிடைத்து, அதில் அசல் எழுத்து இருந்தால் அந்த ரசிகர்களுக்கு அது திருவிழா. பாப்பாய் என்ற மாலுமி கார்ட்டூனின் கதை இன்னொரு மாதிரி. 1933ல் தொடங்கி ஃபிளெய்ஷர் ஸ்டுடியோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, வண்ணத்தில் இருந்தால்தான் டி.வி.யில் ஓடும் என்று எண்பதுகளில் கொரியாவில் கொடுத்து மறுபடி வரையவைத்தார்கள். பின்னணியில் இருந்த அழகான நிழல்கள் போயின, அசைவும் தடுமாறியது. பல வருஷம் குழந்தைகள் அதைத்தான் பாப்பாய் என்று பார்த்தார்கள். 2007ல் வார்னர் முதல் தொகுதி டி.வி.டி.யை வெளியிட்டபோது, 1938 வரையிலான படங்கள் கறுப்பு வெள்ளையாகவே, அசல் எழுத்தோடு, சுத்தம் செய்யப்பட்டு வந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே படமா என்று தோன்றும்.

சுத்தம் செய்வதிலும் ஆபத்து இருக்கிறது. படத்தில் உள்ள தூசியையும் கீறலையும் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து அழிக்கும் ஒரு முறை உண்டு. ஒரு ஃபிரேமில் மட்டும் இருந்து அடுத்ததில் இல்லாத கோடு கீறலாகத்தான் இருக்கும் என்பது அதன் கணக்கு. நடிகர்கள் உள்ள படத்திலேயே இது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. கார்ட்டூனோ முழுக்கக் கோடுகளால் ஆனது. பூனை வேகமாகப் பாயும்போது அதன் காலும் மீசையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும். இயந்திரம் அவற்றையும் கீறல் என்று நினைத்து அழித்துவிடும். படத்தை நிறுத்திப் பார்த்தால் கோடு அறுந்து அறுந்து கிடக்கும். இப்படிப் பாழான டி.வி.டி.கள் வந்தபோது ரசிகர்கள் ஃபிரேம் ஃபிரேமாக எடுத்துப் போட்டு சண்டை பிடித்தார்கள்.

டாம் அண்ட் ஜெர்ரி கதை இன்னும் தெளிவு. 2011ல் 'கோல்டன் கலெக்‌ஷன்' முதல் தொகுதி ப்ளூ-ரேயில் வந்தது. இரண்டாம் தொகுதியை அறிவித்தபோது, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகள் உள்ள இரண்டு படங்களை விட்டுவிட்டார்கள். வாங்க மாட்டோம் என்று ரசிகர்கள் கொதித்தார்கள், அந்தத் தொகுதியே நின்றுபோனது. அந்தக் காட்சிகள் தப்பானவைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வார்னரின் லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன் டி.வி.டி.யில் செய்ததுபோல, 'இவை அன்றும் தவறு, இன்றும் தவறு, மறைத்தால் நடக்கவே இல்லை என்றாகிவிடும்' என்ற பொருளில் முன்னால் ஒரு குறிப்பு வைத்து முழுதாக வெளியிடுவதுதான் சரி. நம் பழைய நகைச்சுவைக் காட்சிகளில் நிறத்தையும் சாதியையும் உடல் குறையையும் வைத்துச் செய்த கேலிகளுக்கும் இதே வழிதான். வெட்டி மறைத்தால் அடுத்த தலைமுறைக்கு நாம் நல்லவர்களாக மட்டும்தான் தெரிவோம்.

பத்து நிமிஷத்துக்கும் குறைவான இரண்டு கார்ட்டூன்களுக்காக அவ்வளவு பேர் நின்றார்கள். இங்கே இரண்டு பாட்டை வெட்டினால் கேட்க ஆள் இல்லை.

கார்ட்டூன் பேச்சு வந்ததால் இன்னொன்று. கார்ட்டூன் நெட்வொர்க்கிலும் சுட்டி டி.வி.யிலும் தமிழில் பேசிய குரல்கள் ஒரு தலைமுறையையே வளர்த்தன. 'ஜாக்கி சான்' கார்ட்டூனில் அந்தத் தாத்தாவின் பேச்சைச் சொல்லிச் சிரிக்காத பசங்களே எங்கள் தெருவில் இல்லை. அந்தக் குரல் கொடுத்தவர்கள் பெயரைத் திரையில் நான் பார்த்ததே இல்லை. அந்தத் தமிழ் ஒலியை யாராவது முறையாகச் சேர்த்து வெளியிட்டால் முதல் ஆளாக வாங்குவேன். இன்றைக்கு அதில் பாதியை, வீட்டில் பதிவு செய்துவைத்த ரசிகர்களின் புண்ணியத்தில்தான் கேட்கிறோம்.

பிலிமின் பகை காலம் மட்டுமில்லை, வெயிலும் ஈரமும்கூட. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாக்களும் கெடும். குளிரூட்டிய அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். எங்கள் அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே எத்தனை பெட்டிகள் கிடந்து உருகினவோ. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருப்பதால், அதை எடுப்பதற்காகவே பிரிண்டுகளை எடைக்குப் போட்டு அழித்ததும் நம் நாட்டில் நடந்திருக்கிறது.

ஆனாலும் காப்பாற்ற முடியும். சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993ல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் சிக்கின. கருகி ஒட்டிப்போன ரீல்களை இத்தாலியின் போலோன்யா நகரத்து நிபுணர்கள் கையால் பிரித்து, ஓட்டைகளைச் சரிசெய்து, கிடைக்காத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 2015ல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ப்ளூ-ரேயில் வாங்கலாம். கீறலுக்கு ஒரு நல்ல உத்தியும் இருக்கிறது: ஸ்கேன் செய்யும்போது பிலிமை ஒரு திரவத்துக்குள் ஓடவிடுவார்கள். அந்தத் திரவம் கீறல் பள்ளத்தை நிரப்பி, ஒளி நேராகப் போக வழி செய்யும். திரையில் மழைபோல விழும் கோடுகளில் பாதி அங்கேயே நின்றுவிடும். இதற்கெல்லாம் வெளிநாடு போகவேண்டியதுமில்லை. சென்னையிலேயே பிரசாத் நிறுவனம் வெளிநாட்டுப் படங்களையும் புதுப்பித்துக் கொடுக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடும் ஊரில், உலகத்துப் படங்களைத் துடைத்துக் கொடுக்கும் கைகள் இருக்கின்றன. நம் படங்கள் அங்கே வரிசையில் நிற்க வேண்டாமா?

பணம் வராது என்பார்கள். 2012ல் 'கர்ணன்' புதுப்பித்து வந்தபோது, 1964ல் வந்த படத்துக்கு நூறு நாளைத் தாண்டிக் கூட்டம் வந்தது. தாத்தாவும் பேரனும் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் நூற்றுக்குப் பத்து பேர் ஒரு நல்ல டிஸ்க் வாங்கியிருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

சட்டமும் ஒரு பக்கம் இடம் கொடுக்கிறது. இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1952 படத்துக்கு அது 2012 முடிவோடு தீர்ந்துவிட்டது. கதை, வசனம், பாட்டு, இசைக்கு எழுதியவரின் ஆயுளைப் பொறுத்துத் தனிக் கணக்கு உண்டு, அதைப் பார்த்துத்தான் செய்யவேண்டும். அமெரிக்காவில் மிக்கி மவுஸின் முதல் 'ஸ்டீம்போட் வில்லி' பொதுவுக்கு வர 2024 வரை, 95 ஆண்டுகள் காத்திருந்தார்கள். நமக்குச் சீக்கிரமே கதவு திறக்கிறது. ஆனால் உரிமை பொதுவாகி என்ன பயன், நல்ல பிலிம் யாரோ ஒருவர் வீட்டு அறையில் பூட்டிக் கிடந்தால்?

ஓ.டி.டி.யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் படம் மறைந்துவிடும். என் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ப்ளூ-ரே பிளேயர் இப்போது கடைகளில் கிடைப்பது கஷ்டம்தான், தெரியும். சரி, டிஸ்க் வேண்டாம், பூட்டில்லாத நல்ல ஃபைலாகவே விற்கட்டும். வெட்டாத அசல் ஃபிரேம், முழு நீளம், அசல் எழுத்து, எல்லாப் பாட்டும், தமிழ் ஆங்கில சப்டைட்டில், மேலே எந்தச் சின்னமும் இல்லாமல். இவ்வளவுதான் கேட்கிறேன். நல்ல பிரதிக்கு ஆயிரம் ரூபாய் என்றாலும் கொடுப்பேன்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி, குடியாத்தம் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடிய கொட்டாய்களிலோ பழைய விநியோகஸ்தர் வீடுகளிலோ ரீல் பெட்டி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வினிகர் வாடை வரும் டப்பாவை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பிலிமை ப்ரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம், காய்ந்த பிலிம் உடைந்துவிடும். புனேயில் 1964ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இப்போது என்.எஃப்.டி.சி. என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் இங்கே சொல்லுங்கள், கடிதம் நான் எழுதித் தருகிறேன். தமிழ் டப்பிங் கார்ட்டூன்களை டி.வி.யிலிருந்து பதிவு செய்த கேசட் யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.