இதயத்தை யாரும் உறைய வைப்பதில்லை

"தானமாகக் கிடைத்த இதயத்தை ஐஸில் உறைய வைத்து ஒரு வாரம்கூட வைத்திருக்கலாம், ஆம்புலன்ஸ் அவசரமெல்லாம் நாடகம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. உறைந்தால் ஐஸ் படிகங்கள் இதயத்தின் செல்களைக் கிழித்துவிடும். அதனால் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்தித் துடிப்பை நிறுத்தி, பைக்குள் பையாகப் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் வைப்பார்கள். அப்படியும் சுமார் 4 மணி நேரம்தான் கணக்கு. 2008-ல் சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் ஓர் இதயத்தைக் கொண்டுபோனது இதனால்தான்.

அப்புறம், இதயத்தை எடுக்கும் முன், அது நன்றாக இருக்கிறதா என்று எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்ப்பார்கள். நெஞ்சைத் திறந்ததும் அறுவை மருத்துவர் இதய ரத்தக்குழாய்களை விரலால் தடவி, எங்காவது கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். வெதுவெதுப்பான ரத்தத்தை ஓடவிட்டு, இதயம் துடித்தபடியே எடுத்துச்செல்லும் கருவியும் இப்போது உண்டு. அதிலும் கூடுவது சில மணி நேரம்தான்.