காக்னியை விட்டுவிட்டீர்களே!

ஆங்கிலக் கொச்சைமொழி பற்றிய உங்கள் கட்டுரையில் ஆஸ்திரேலியாவின் 'ஆர்வோ' (பிற்பகல்), 'பார்பி' (பார்பெக்யூ) எல்லாம் இருக்கின்றன. கிழக்கு லண்டனின் காக்னி பேச்சை மட்டும் காணோம். 1859-இல் வந்த ஹாட்டனின் கொச்சைமொழி அகராதியிலேயே அதற்கு இடம் உண்டு. படிக்கட்டை, அதாவது 'ஸ்டேர்ஸ்'-ஐ, 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பார்கள். 'ஸ்டேர்ஸ்', 'பேர்ஸ்' என்று கடைசி ஓசை ஒத்துவருகிறதே, நம் இலக்கணத்தில் இதை இயைபு என்போம். கூத்து என்னவென்றால், இயைபு தரும் சொல்லையே பல நேரம் விழுங்கிவிடுவார்கள். 'லுக்'குக்கு 'புட்சர்ஸ் ஹூக்'. பேச்சில் ஹூக் காணாமல் போய் 'ஹேவ் எ புட்சர்ஸ்' மட்டும் மிஞ்சும். கறிக்கடைக்காரரைக் கூப்பிடவில்லை, 'கொஞ்சம் பாரு' என்கிறார்கள் என்று வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? 'யூஸ் யுவர் லோஃப்' என்பதும் இந்த வகைதான்: 'லோஃப் ஆஃப் பிரெட்' என்றால் 'ஹெட்', அதாவது தலை. மூளையைக் கொஞ்சம் உபயோகி! இதைக் காக்னி என்று தெரியாமலே சொல்பவர்களும் உண்டு.