மதிப்பிடுங்கள், முதலில் வகுப்புக்குள் வந்து உட்காருங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு கல்வித் துறை அதிகாரிகள் ஆய்வுக் கூட்டம் போடுவார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் ஹெச்.எம்.களையும் பாட ஆசிரியர்களையும் எழுப்பி நிறுத்தி, "ஏன் குறைஞ்சுது?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கடைசி நாள் வரைக்கும் ஆசிரியர் சங்க உறுப்பினர். வாத்தியார்களை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது என் கட்சி கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கினோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் கேட்பது தப்பான கேள்வி. அது தப்பு என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டுமானால் அவருக்குப் பின்னால் சங்கம் நிற்க வேண்டும்.

நெல்லை மாவட்டத்து முக்கூடல், தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் போன பெண்பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அம்மா சுருட்டச் சுருட்ட, இவள் பீடியின் வாயை மடக்கிக் கட்டுப் போடுவாள். அப்படி ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்து சேர்ந்தாள். 42இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்பாள். ஏழிலிருந்து இரண்டைக் கழிப்பாள், நாலிலிருந்து ஒன்றைக் கழிப்பாள். கடன் வாங்கிக் கழிப்பதை அவளுக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தரவில்லை. அந்த நிலையில் வந்தவள் பொதுத்தேர்வில் கணக்கில் 31 எடுத்தாள். வடிவியலில் படம் ஒழுங்காக வரைந்திருந்தாள், வரைபடக் கணக்கையும் தொட்டிருந்தாள். பாஸ் மார்க் 35. ஆய்வுக் கூட்டத்துத் தாளில் அவள் 'தோல்வி', நான் தோல்வி கொடுத்த ஆசிரியர். துணைத் தேர்வில் அவள் பாஸ் ஆனாள். அது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

அதே தாளில் டவுனில் உள்ள ஒரு பள்ளி நூற்றுக்கு நூறு என்று இருக்கும். அங்கே டியூஷன் போகாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே 'படிப்பு வராது' என்று பெற்றோரிடம் பேசி டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிகளும் உண்டு. அனுப்பிய பிள்ளை அவர்கள் கணக்கில் வராது, எங்களைப் போன்ற பள்ளிகளின் கணக்கில்தான் வரும். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் டி.சி. கொடுத்தவர் நல்லாசிரியர், வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர் மெமோ வாங்குபவர். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் புகுந்து புத்தகமும் நோட்டும் போன ஊர்ப் பிள்ளைகளையும் வெள்ளமே பார்க்காத ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலில் அளக்கிறவர்களிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

இது புதுசும் இல்லை. 1862இல் இங்கிலாந்தில், பிள்ளைகள் தேர்வில் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்று ஏற்பாடு செய்தார்கள். நம் மதராஸ் மாகாணத்துக்கும் அந்த முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காக மனப்பாடம் செய்யவைப்பதே பாடம் நடத்துவது என்று ஆகிப்போக, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் மாணவர் மார்க்கைக் கொண்டு ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் வழக்கம் பரவியபோது, 2014இல் அந்நாட்டுப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. மாணவர் மதிப்பெண்களில் உள்ள ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 விழுக்காடு வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்றது. மீதியில் வீடும் வறுமையும் பள்ளியின் நிலைமையும் முந்தைய வகுப்புகளும் இருக்கின்றன.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. அவர்களில் பலர் சேர்ந்த காலத்தில் அப்படி ஒரு தேர்வே கிடையாது. ஐம்பது வயதில் ஓர் அக்கா கைடு வாங்கி வைத்து ராத்திரி படிக்கிறார். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தரும் அழகைப் போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

வகுப்பைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரும்பாலான ஆய்வு என்பது பாடக்குறிப்பு, வருகைப் பதிவேடு, பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு இவற்றோடு முடிந்துவிடும். ஒரே ஒரு அதிகாரி எங்கள் ஆங்கில டீச்சர் வகுப்பில் ஒரு பீரியடு முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க கேள்வி கேட்டா முன்னால உள்ள நாலு பிள்ளைகதான் கை தூக்குது. பின்னால இருக்கவன் பேரைச் சொல்லிக் கேளுங்க" என்றார். டீச்சருக்குக் கோபமே வரவில்லை. மறுநாளே மாற்றிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரி திரும்ப வந்து பார்த்தார். மதிப்பீடு என்றால் இதுதான்.

ஜூன் மாதம் பிள்ளை எங்கே இருந்தது, ஏப்ரலில் எங்கே வந்தது என்று பாருங்கள். பாடம் தெரிந்தவரை அனுப்புங்கள், வருஷத்தில் பலமுறை அனுப்புங்கள். எழுதிய குறிப்பை ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் மறுப்பு எழுதினால் அதைக் கோப்பில் சேருங்கள், மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் உள்ள பள்ளியில் அதிலும் ஒருவர் எமிஸ் வேலையில் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு நடக்காத பாடத்துக்கு அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் தனி ஆளாகக் கேட்க முடியாது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. அந்த வரி இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019இல் நடத்திய போராட்டத்தில் போட்ட நடவடிக்கைகள் 2021இல்தான் விலகின. சங்கம் வைக்கும் உரிமை மட்டும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவில் பத்திரமாக இருக்கிறது. அதுவும் இல்லாமல் போனால், தேர்ச்சி விழுக்காடு எப்படித் தயாராகிறது என்று வெளியே சொல்ல ஓர் ஆசிரியரும் இருக்க மாட்டார்.

சங்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் ரத்துக்கும் ஊதிய முரண்பாட்டுக்கும் தெருவில் இறங்கினோம், சரிதான். ஆசிரியரை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதை மட்டும் ஏன் அதிகாரிகளிடம் விட்டோம்? பள்ளிக்கே வராதவருக்கும் பிள்ளைகளிடம் முறைகேடாக நடப்பவருக்கும் சங்கம் ஒரு நாளும் வக்காலத்து வாங்கக் கூடாது. அந்தப் பெயர் வந்துவிட்டால், நியாயமில்லாமல் மெமோ வாங்கியவருக்காகப் பேசும்போதும் ஊர் நம்பாது. நாமே ஒரு மதிப்பீட்டு முறையை எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரிடம் காட்டிக் கருத்துக் கேட்டு, துறையிடம் கொடுக்க வேண்டும். இதை அடுத்த வட்டாரக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லிக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கிளைகளில் இருப்பவர்கள் உங்கள் வகுப்பு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வரைவில் சேர்த்துக்கொள்கிறேன்.